100 கொடுத்தால் 45 நாளில் 150! ஊரை ஏமாற்றிய போன்சியின் கதை

1920-ம் ஆண்டு ஜூலை மாதம்.

அமெரிக்காவில் உள்ள பாஸ்டன் நகரம். அங்கே ஸ்கூல் தெருவில் 27-ம் நம்பர் கட்டிடம். நகரசபை மண்டபத்துக்கு மிக அருகில் இருந்தது.

பொழுது விடிந்ததுமே அங்கே கூட்டம் கூடிவிடும். மாடிப்படி முழுவதும் ஆட்கள் நிற்பார்கள். வரிசை படியில் இறங்கி, நடைபாதைக்கு வந்து, தெருவில் நீண்டு கிடக்கும்.

வரிசையில் நின்றவர்கள் யார்? பெரும்பாலும் ஏழைகள், நடுத்தரக் குடும்பத்தினர். கூலி வேலை செய்பவர்கள், சிறு கடைக்காரர்கள், பிழைப்புத் தேடி இத்தாலியில் இருந்து வந்து குடியேறியவர்கள். ஊரைக் காக்க வேண்டிய போலீஸ்காரர்களில் பலர்கூட பணம் போட்டிருந்தார்கள்.

மாடியில் குமாஸ்தாக்கள் பணத்தை வாங்கிக் குவித்தார்கள். மேஜை இழுப்பறைகள் நிறைந்துவிட்டன. இடம் போதாமல், குப்பைக் கூடைகளிலும் நோட்டுகளைப் போட்டு வைத்தார்கள்!

இவ்வளவு பணமும் ஒரே ஓர் ஆளை நம்பி வந்தது. அவன் பெயர் சார்லஸ் போன்சி.

100 டாலர் கொடுத்தால் 45 நாளில் 150 டாலராகத் திருப்பித் தருவதாக அவன் சொன்னான். 90 நாள் பொறுத்தால் இரண்டு மடங்கு! அந்தக் காலத்தில் அமெரிக்க பாங்கிகள் ஓர் ஆண்டு முழுவதற்கும் சேர்த்தே 100-க்கு 5 டாலர் அளவில்தான் வட்டி கொடுத்தன.

போன்சி இறந்து 75 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் அவன் செய்த வித்தை சாகவில்லை. இன்று அது கைப்பேசிக்குள் புகுந்துகொண்டு, வீடு தேடி வருகிறது. ஆகவே அவன் கதையை நாம் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டரை டாலரோடு வந்தவன்

போன்சி 1882-ம் ஆண்டு மார்ச் 3-ந்தேதி இத்தாலியில் லூகோ என்ற ஊரில் பிறந்தான். பெற்றோர் அவனை ரோமாபுரிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். அவனோ பணக்கார நண்பர்களோடு சேர்ந்து, படிப்பைக் கோட்டை விட்டான். கையில் இருந்த காசையும் கரைத்தான்.

1903 நவம்பரில் கப்பல் ஏறி, பாஸ்டனில் வந்து இறங்கினான். அப்போது அவன் கையில் இருந்தது இரண்டரை டாலர்! மீதிப் பணத்தைக் கப்பலிலேயே சூதாடித் தோற்றுவிட்டான்.

ஓட்டலில் தட்டுக் கழுவினான். பிறகு பரிமாறும் வேலை கிடைத்தது. சாப்பிட வந்தவர்களுக்குச் சில்லறையைக் குறைத்துக் கொடுத்தான். அந்த வேலையும் போயிற்று.

1907-ல் கனடா நாட்டில் உள்ள மாண்ட்ரீல் நகருக்குப் போனான். அங்கே ஜரோசி என்ற இத்தாலியர் ஒரு பாங்கி நடத்தினார். அதில் போன்சிக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது.

அந்த பாங்கியில், மற்ற இடங்களைவிட இரண்டு மடங்கு வட்டி கொடுத்தார்கள். ஆகவே இத்தாலியத் தொழிலாளர்கள் தங்கள் சேமிப்பை அங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

ஆனால் அந்த வட்டி, தொழிலில் கிடைத்த லாபம் அல்ல. இன்று வந்தவர் போட்ட பணத்தை எடுத்து, நேற்று வந்தவருக்கு வட்டியாகக் கொடுத்தார்கள்! இப்படி எத்தனை நாள் ஓடும்? பாங்கி முறிந்தது. ஜரோசி மெக்சிகோ நாட்டுக்கு ஓடிவிட்டார்.

பக்கத்தில் இருந்து பார்த்தவன் போன்சி. நல்லவனாக இருந்தால், இந்த வழி நாசத்தில்தான் முடியும் என்று கற்றுக்கொண்டிருப்பான். அவன் பிறகு செய்ததைப் பார்த்தால், அவன் கற்ற பாடம் வேறு என்று தெரிகிறது. வட்டி ஒழுங்காகக் கைக்கு வரும் வரையில், அது எங்கே இருந்து வருகிறது என்று ஜனங்கள் கேட்பதில்லை. இதுதான் அவன் கற்ற பாடம்.

தாயாருக்கு எழுதிய பொய்

1908-ல் போன்சி ஒரு கம்பெனியின் பெயரில் கள்ளச் செக்கு எழுதினான். தொகை 423 டாலர் 58 செண்டு. அகப்பட்டுக்கொண்டான். 3 ஆண்டு ஜெயில் தண்டனை கிடைத்தது.

இத்தாலியில் இருந்த தாயாருக்கு அவன் ஜெயிலில் இருந்தே கடிதம் எழுதினான். ஜெயில் அதிகாரிக்கு உதவியாளராக வேலை கிடைத்திருப்பதாக அதில் புளுகினான்! பெற்ற தாயிடமே இப்படிச் சொன்னவன், ஊராரிடம் எப்படி நடந்துகொள்வான்?

விடுதலையானதும், இத்தாலியர் சிலரை அனுமதி இல்லாமல் எல்லை கடந்து அமெரிக்காவுக்குள் அழைத்து வந்தான். அதற்காக அட்லாண்டா ஜெயிலில் 2 ஆண்டு இருந்தான்.

1917-ல் மீண்டும் பாஸ்டனுக்கு வந்தான். அங்கே ரோஸ் என்ற பெண்ணைச் சந்தித்தான். போன்சி ஜெயிலுக்குப் போனவன் என்பதை அவன் தாயாரே ரோசுக்குக் கடிதம் எழுதித் தெரிவித்தார். அப்படியும் ரோஸ் மனம் மாறவில்லை. 1918-ல் இருவருக்கும் திருமணம் நடந்தது.

ஒரு சின்னக் கூப்பன்

1919-ல் ஸ்பெயின் நாட்டில் இருந்து போன்சிக்கு ஒரு கடிதம் வந்தது. அதனுள் ஒரு சிறு காகிதம் இருந்தது. அதுதான் பதில் தபால் கூப்பன்.

வெளிநாட்டில் உள்ளவருக்குக் கடிதம் எழுதுகிறோம். அவர் பதில் போட வேண்டும். அந்தச் செலவு அவர் தலையில் விழக்கூடாது. நம் நாட்டுத் தபால் தலையை அனுப்பினால் அங்கே செல்லாது. இதற்காகவே பல நாடுகள் சேர்ந்து 1906-ல் இந்தக் கூப்பன் முறையை ஏற்படுத்தின. ஒரு நாட்டில் வாங்கிய கூப்பனை இன்னொரு நாட்டின் தபால் ஆபீசில் கொடுத்தால், அந்த நாட்டுத் தபால் தலை கிடைக்கும்.

முதல் உலகப் போருக்குப் பின், இத்தாலி போன்ற நாடுகளின் பண மதிப்பு மிகவும் விழுந்துவிட்டது. ஆனால் கூப்பன் விலை பழையபடியே இருந்தது. ஆகவே இத்தாலியில் ஒரு டாலருக்குக் கூப்பன் வாங்கினால், அமெரிக்காவில் அதைவிடப் பல மடங்கு மதிப்புள்ள தபால் தலை கிடைக்கும்.

போன்சி துள்ளிக் குதித்தான். இதில் லாபம் இருப்பது உண்மை. ஆனால் ஒரு தொல்லையும் இருந்தது. அமெரிக்காவில் ஒரு கூப்பனுக்குக் கிடைப்பது வெறும் 5 செண்டு தபால் தலை. ரொக்கம் கிடைக்காது. லட்சக் கணக்கில் சம்பாதிக்க வேண்டுமானால் கப்பல் கப்பலாகக் கூப்பன் வாங்க வேண்டும். அத்தனை தபால் தலையையும் விற்றுக் காசாக்க வேண்டும். நடக்கிற காரியமா?

நடக்காது என்பது போன்சிக்கும் தெரிந்துபோயிற்று. ஆனால் அந்தக் கதை மட்டும் அவனுக்குப் போதுமாக இருந்தது!

முதலில் 18 பேர்

போன்சி ஒரு கம்பெனியைத் தொடங்கினான். 1920 ஜனவரியில் 18 பேர் அவனை நம்பி 1,800 டாலர் கொடுத்தார்கள்.

கெடு நாள் வந்தது. அவர்களுக்குப் பேசியபடி வட்டியோடு பணம் கிடைத்தது. ஒரு செண்டுகூட குறையவில்லை.

அந்த 18 பேரும் சும்மா இருப்பார்களா? அண்ணனிடம் சொன்னார்கள், மாமனிடம் சொன்னார்கள், பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பணம் கைக்கு வந்ததைத்தான் சொன்னார்கள். போன்சிக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் தேவையா? ஆள் பிடித்துத் தந்தவர்களுக்கு அவன் தரகும் கொடுத்தான்.

மே மாதத்துக்குள் 4 லட்சம் டாலர் சேர்ந்தது. ஜூலையில் மட்டும் சுமார் 60 லட்சம் டாலர்! வீட்டை அடமானம் வைத்துப் பணம் கொண்டுவந்தவர்கள் உண்டு. ஆயுள் முழுவதும் சேர்த்ததைக் கொட்டியவர்கள் உண்டு. கெடு முடிந்தவர்களில் பலர் பணத்தைத் திருப்பி வாங்கவே இல்லை. வட்டியையும் சேர்த்து மீண்டும் அவனிடமே போட்டார்கள்.

போன்சி லெக்சிங்டன் என்ற இடத்தில் மாளிகை வாங்கினான். தாயாரைக் கப்பலில் வரவழைத்தான். தங்கப் பூண் போட்ட கைத்தடியுடன் காரில் பவனி வந்தான். அவன் பணம் போட்டு வைத்த ஹானோவர் டிரஸ்ட் பாங்கியே அவன் கைக்குள் வந்துவிட்டது.

தொழில் எப்படி நடக்கிறது என்று கேட்டால், அது வியாபார ரகசியம் என்று சொல்லிவிடுவான்.

ஒரு கணக்குப் பார்ப்போம்

அவன் கொடுத்த லாபம் எங்கே இருந்து வந்தது? மாண்ட்ரீல் பாங்கியில் பார்த்த அதே வித்தைதான்.

முதல் ஆள் 100 டாலர் கொடுக்கிறார். அவருக்கு 150 கொடுக்க வேண்டும். பிறகு இரண்டு பேர் வந்து ஆளுக்கு 100 கொடுக்கிறார்கள். அந்த 200-ல் 150-ஐ எடுத்து முதல் ஆளுக்குக் கொடுத்தாயிற்று. மீதி 50. ஆனால் அந்த இரண்டு பேருக்கும் கொடுக்க வேண்டியது 300! இதற்கு இன்னும் மூன்று பேராவது வர வேண்டும். அந்த மூன்று பேருக்குக் கொடுக்க வேண்டியது 450!

இப்படியே 45 நாளுக்கு ஒரு முறை கடன் ஒன்றரை மடங்கு ஆகும். ஒருவர் தன் 100 டாலரைத் திருப்பி வாங்காமல் விட்டு வைத்தால், ஒரே ஆண்டில் அவருக்கு 2,500 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும். உலகத்தில் உள்ள பணம் முழுவதும் வந்தாலும் ஒரு நாள் இது முறியத்தான் செய்யும்.

கேள்வி கேட்ட பத்திரிகை

ஒரு மேஜை நாற்காலி வியாபாரி போன்சி மீது 10 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். போன்சி ஏழையாக இருந்தபோது அவனுக்குச் சாமான் கொடுத்து உதவியவர் அவர். நேற்றுவரை கடனாளியாக இருந்தவன் இன்று எப்படிக் கோடீசுவரன் ஆனான்? ஊரார் முதல்முறையாக யோசித்தார்கள்.

பாஸ்டன் போஸ்ட் என்ற பத்திரிகையும் இதே கேள்வியைக் கேட்டது. அப்போது அதை நடத்தி வந்தவர் ரிச்சர்டு குரோசியர் என்ற இளைஞர். அவர், பணக் கணக்கில் நிபுணரான கிளாரன்ஸ் பாரன் என்பவரிடம் விஷயத்தை ஒப்படைத்தார்.

பாரன் பெரிய துப்பறியும் வேலை எதுவும் செய்யவில்லை. சாதாரணக் கணக்குத்தான் போட்டார். போன்சி வாங்கிய பணத்துக்கு உண்மையில் கூப்பன் வியாபாரம் நடந்திருந்தால், 16 கோடி கூப்பன் வேண்டும். உலகத்தில் நடமாட்டத்தில் இருந்த கூப்பன்களோ சுமார் 27 ஆயிரம்தான்!

அது மட்டும் அல்ல. போன்சி தன் சொந்தப் பணத்தைத் தன் கம்பெனியில் போடவில்லை. குறைந்த வட்டி தரும் பாங்கியில்தான் போட்டு வைத்திருந்தான்! 100-க்கு 50 லாபம் என்பது உண்மையானால், அதை விட்டுவிட்டு எவனாவது 5 வட்டிக்குப் போவானா?

ஜூலை 26-ந்தேதி முதல் பத்திரிகையில் இந்த விவரங்கள் வந்தன. ஜனங்கள் பணத்தைக் கேட்டு ஸ்கூல் தெருவுக்கு ஓடினார்கள்.

காப்பி கொடுத்து மயக்கினான்

போன்சி ஓடி ஒளியவில்லை. சிரித்த முகத்துடன் கூட்டத்தின் நடுவே வந்தான். வரிசையில் நின்றவர்களுக்குக் காப்பியும் பலகாரமும் கொடுத்தான். கவலை வேண்டாம் என்று தேற்றினான். மூன்றே நாளில் 20 லட்சம் டாலரைத் திருப்பிக் கொடுத்தான்.

இதைப் பார்த்து மயங்கிய பலர், பணத்தை வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினார்கள். ஐயோ, பாவம்! பெட்டியில் கடைசியாக இருந்த பணம் அது. அன்று வாங்கியவர்கள் பிழைத்தார்கள். வாங்காமல் போனவர்கள் இழந்தார்கள்.

அவனிடம் விளம்பர வேலை பார்த்த மக்மாஸ்டர்ஸ் என்பவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. போன்சி திவாலாகிவிட்டான் என்று ஆகஸ்டு 2-ந்தேதி அவர் பத்திரிகையில் எழுதினார். ஆகஸ்டு 11-ந்தேதி, மாண்ட்ரீல் ஜெயில் கதையும் படத்துடன் வெளிவந்தது. மறுநாள் போன்சி அதிகாரிகளிடம் சரண் அடைந்தான்.

அவனுக்குப் பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் பல ஆயிரம் பேர். ஹானோவர் டிரஸ்ட் உட்பட சில பாங்கிகளும் அவனோடு சேர்ந்து மூழ்கின. பல ஆண்டுகள் கழித்து, ஜனங்களுக்கு டாலரில் பாதிகூட திரும்பக் கிடைக்கவில்லை.

உண்மையை வெளியிட்ட பாஸ்டன் போஸ்ட் பத்திரிகைக்கு 1921-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

தர்ம ஆஸ்பத்திரியில் முடிவு

தபால் மூலம் மோசடி செய்ததற்காகப் போன்சிக்கு 5 ஆண்டு ஜெயில் தண்டனை விதித்தார்கள். மூன்றரை ஆண்டில் வெளியே வந்தான். வேறு வழக்குகள் நடந்துகொண்டிருந்தன.

திருந்தினானா? இல்லை. 1925-ல் புளோரிடா மாநிலத்துக்குப் போய் நிலம் விற்கத் தொடங்கினான். 60 நாளில் 100-க்கு 200 லாபம் என்றான். அந்த நிலமோ சதுப்பு நிலம்! அங்கும் தண்டனை கிடைத்தது. தலையை மொட்டை அடித்து, மீசை வளர்த்து, கப்பல் ஏறி இத்தாலிக்குத் தப்ப முயன்றான். நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் பிடிபட்டான்.

1934-ல் ஜெயிலில் இருந்து விடுதலை ஆனதும், அமெரிக்க அரசாங்கம் அவனை இத்தாலிக்கு நாடு கடத்தியது. இத்தனை ஆண்டும் பொறுமையோடு காத்திருந்த ரோஸ், அவனோடு போகவில்லை. பிறகு விவாகரத்துச் செய்துவிட்டாள்.

கடைசியில் பிரேசில் நாட்டுக்குப் போனான். ரியோ டி ஜெனிரோ நகரில் ஒரு விமானக் கம்பெனியில் வேலை பார்த்தான். இரண்டாவது உலகப் போரில் அந்த வேலையும் போயிற்று. கண் பார்வை மங்கியது. வாத நோய் வந்து உடலின் ஒரு பக்கம் விழுந்தது.

1949 ஜனவரியில், தர்ம ஆஸ்பத்திரியில் போன்சி இறந்தான். வயது 66. அவனிடம் இருந்தது 75 டாலர். அது அடக்கச் செலவுக்கு ஆயிற்று.

கைப்பேசியில் வரும் போன்சிகள்

போன்சிக்கு ஒரு முகம் இருந்தது. ஒரு விலாசம் இருந்தது. தெருவில் போய்ச் சண்டை போடவாவது முடிந்தது. இன்றைய போன்சிகளுக்கு முகமும் இல்லை, விலாசமும் இல்லை. ஆனால் வித்தை ஒன்றுதான்.

வீட்டில் இருந்தே சம்பாதிக்கலாம் என்று வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ ஒரு செய்தி வரும். ஏதோ ஒரு படத்துக்கு விருப்பக் குறி போடச் சொல்வார்கள். போட்டதும் 100 ரூபாயோ 200 ரூபாயோ உண்மையிலேயே நம் கணக்குக்கு வந்துவிடும். அந்தப் பணம்தான் தூண்டில் புழு! போன்சி முதல் 18 பேருக்குக் கொடுத்த பணமும் இதுவேதான்.

அடுத்து, கொஞ்சம் பணம் போட்டால் அதிக லாபம் என்பார்கள். போட்டதும், நம் கணக்கில் லட்ச ரூபாய் சேர்ந்திருப்பதாகக் கைப்பேசித் திரையில் எண் தெரியும். அது வெறும் எண், பணம் அல்ல. எடுக்கப் போனால், முதலில் வரி கட்டு, கட்டணம் கட்டு என்பார்கள். கட்டக் கட்டப் புதிய கட்டணம் வரும். கடைசியில் அந்தக் குழுவே மறைந்துவிடும்.

குடும்பத்தோடு உட்கார்ந்து சில விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குறுகிய நாளில் பெருத்த லாபம் நிச்சயம் என்று சொன்னால், அது பொய்.

முதல் தடவை பணம் வந்தது என்பது, அடுத்த தடவையும் வரும் என்பதற்குச் சாட்சி அல்ல.

சொந்தக்காரர் சொன்னார் என்பதும் சாட்சி அல்ல. அவர் பொய் சொல்லாதவராக இருக்கலாம். அவரும் ஏமாந்துகொண்டிருப்பவராக இருக்கலாம்.

இப்போதே போடு, யாரிடமும் சொல்லாதே என்று அவசரப்படுத்தினால், உடனே நிறுத்திவிடுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள்.

நமக்குப் பணம் வருவதற்கு ரகசிய எண் போட வேண்டியது இல்லை. பணம் அனுப்புவதற்குத்தான் அது வேண்டும். ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

அப்படியும் ஏமாந்துவிட்டால், வெட்கப்பட்டு மூடி மறைக்க வேண்டாம். இந்தியாவில் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்து புகார் கொடுங்கள், பாங்கிக்கும் தெரிவியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வழி உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரே ஒரு கேள்வி. பாஸ்டனில் ஆயிரக்கணக்கானோர் கேட்க மறந்த கேள்வி. பாரன் கேட்டதும் போன்சியின் கோட்டையை இடித்துத் தள்ளிய கேள்வி.

இந்த லாபம் எங்கே இருந்து வருகிறது?

இதற்கு நேரான பதில் கிடைக்காவிட்டால், பணத்தை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதுவே பெரிய லாபம்!